காதுக்குள் போவது கதிரா, சத்தமா?

ப்ளூடூத் இயர்பட்ஸ் போட்டால் மூளை மெதுவாக வெந்துவிடும் என்கிற வாட்ஸ்அப் ஃபார்வர்டு உங்கள் குடும்ப குரூப்புக்கும் கண்டிப்பாக வந்திருக்கும். சிவப்பு கலரில் ஒரு மண்டையோடு, காதிலிருந்து மின்னல் வெட்டுகிற மாதிரி ஒரு படம், கீழே "பத்து பேருக்கு அனுப்புங்கள்". அனுப்பியது பெரும்பாலும் ஒரு சித்தப்பாவாக இருப்பார். அடுத்த கேள்வி நேராக உங்களுக்குத்தான்: "நீ இன்ஜினியரிங்தானே படிக்கிற, இது உண்மையா சொல்லு."

நம்மில் பாதிப் பேர் ஒரு சிரிப்பு எமோஜி போட்டுவிட்டு நழுவிடுவோம். மீதிப் பேரில் சிலர் அதை நம்பி, இயர்பட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, போனையே காதில் அழுத்திக்கொண்டு ஹாஸ்டல் மாடியில் ஒரு மணி நேரம் பேசுவார்கள். இந்த இரண்டாவது ரகத்தைப் பார்க்கும்போதுதான் எனக்குச் சிரிப்பு வரும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயர்பட்ஸ், ஸ்மார்ட்வாட்ச், ஸ்மார்ட் ரிங் இதெல்லாம் வெளியிடுகிற ரேடியோ அலையால் உடம்புக்குக் கெடுதல் என்று நம்புவதற்கு இன்றைக்கு நல்ல காரணம் எதுவும் இல்லை. ஆனால் அதே இயர்பட்ஸால் வேறு ஒரு கெடுதல் நிச்சயமாக உண்டு. அதைப் பற்றி யாரும் ஃபார்வர்டு அனுப்புவதில்லை. பயத்தைத் தப்பான அட்ரஸுக்கு அனுப்பிவிட்டு, சரியான அட்ரஸைப் பூட்டி வைத்திருக்கிறோம்.

முதலில் அந்த வார்த்தை. தமிழில் "கதிர்வீச்சு" என்று சொன்ன உடனே நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? கல்பாக்கம், கூடங்குளம், ஹிரோஷிமா. புற்றுநோய் ஆஸ்பத்திரியில் "கரண்ட் வைக்கிறாங்க" என்று சொல்வோமே, அதுவும் கதிர்வீச்சு சிகிச்சைதான். அந்த வார்த்தையையே எடுத்து ப்ளூடூத்துக்கும் ஒட்டிவிட்டோம். டியூப் லைட் வெளிச்சமும் கதிர்வீச்சு, அடுப்புச் சூடும் கதிர்வீச்சு, எக்ஸ்ரேயும் கதிர்வீச்சு என்பது இயற்பியல் புத்தகத்துக்குச் சரி. ஆனால் டீக்கடையில் அந்த வார்த்தை ஒரே அர்த்தத்தில்தான் ஓடுகிறது: அணுகுண்டு. "ப்ளூடூத் ரேடியோ அலை" என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பயம் போய்விடும். ஆகாசவாணி கேட்டு யாருக்கும் மண்டை வேகவில்லை.

சும்மா பெயர் விளையாட்டு இல்லை இது. முதல் வருஷ இன்ஜினியரிங் பிசிக்ஸில் ஒளிமின் விளைவு என்று ஒரு யூனிட் படித்தோமே, இரண்டு மார்க் கேள்வியாகப் போய்விட்டதே, அந்த விஷயம்தான் இங்கே முழுத் தீர்ப்பும். ஒரு அலை ஒரு மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி எறிய, டிஎன்ஏவை நேரடியாக உடைக்க, அதன் ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் போதுமான ஆற்றல் இருக்க வேண்டும். அது சுமார் 10 எலக்ட்ரான் வோல்ட். எக்ஸ்ரே ஃபோட்டானிடம் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. 2.4 கிகா ஹெர்ட்ஸில் ஓடும் ப்ளூடூத்தின் ஃபோட்டானிடம் இருப்பது 0.00001 எலக்ட்ரான் வோல்ட். பத்து லட்சம் மடங்கு குறைவு. நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் ரூமில் எரிகிற டியூப் லைட்டின் ஒரு ஃபோட்டானுக்கு இதைவிட சுமார் 2 லட்சம் மடங்கு ஆற்றல் உண்டு.

"ஒண்ணு ஒண்ணா பலமில்லன்னாலும் கோடிக்கணக்குல வருதே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தென்னை மரத்தைச் சுற்றி ஆயிரம் பேர் நின்று நாள் முழுக்கப் பஞ்சு உருண்டை எறிந்தாலும் ஒரு தேங்காய் விழாது. ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு கல், விழுந்துவிடும். ஐன்ஸ்டீன் 1905ல் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். அதற்குத்தான் 1921க்கான நோபல்.

ஆனால் இதோடு வாதம் முடிந்துவிட்டது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பஞ்சு உருண்டை தேங்காயைத் தள்ளாது, சரி. ஆயிரம் பேர் எறிந்தால் மரத்தடி பஞ்சால் நிறையும் இல்லையா? ரேடியோ அலையில் அந்தக் குவியலுக்குப் பெயர் சூடு. மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவதும் சுமார் 2.45 கிகா ஹெர்ட்ஸில்தான். "பாருங்க, ரெண்டும் ஒரே அலைவரிசை!" என்று ஃபார்வர்டில் வருவது பொய் இல்லை. ஆனால் அந்த அடுப்பு இரும்புப் பெட்டிக்குள் அடைத்து வைத்து 800 வாட்டில் சுடுகிறது. ப்ளூடூத் கிளாஸ் 2 சாதனத்தின் அதிகபட்ச சக்தி 2.5 மில்லிவாட். 3 லட்சத்து 20 ஆயிரம் மடங்கு வித்தியாசம். கார்த்திகை அகல் விளக்கும் நெருப்புதான், செங்கல் சூளையும் நெருப்புதான்.

இந்த இடத்தில் கால்குலேட்டரை எடுத்த ஆட்கள் ஒரு கொக்கி போடலாம். போடுங்கள், அதற்குத்தான் இந்தப் பத்தி. உடம்பு எவ்வளவு ரேடியோ ஆற்றலை உறிஞ்சுகிறது என்பதற்கு எஸ்ஏஆர் என்று ஓர் அளவு. சேர்த்து வாசித்தால் "சார்", எச்ஓடி இல்லை, பயப்பட வேண்டாம். ஒரு கிலோ திசுவுக்கு எத்தனை வாட் என்பதுதான் கணக்கு. இந்தியாவில் 2012 செப்டம்பரிலிருந்து மொபைல் போனுக்கான வரம்பு கிலோவுக்கு 1.6 வாட், ஒரு கிராம் திசுவின் சராசரியாக. உங்கள் போனில் *#07# அடித்தால் அதன் எண் வரும். இப்போது கொக்கி: 2.5 மில்லிவாட்டும் ஒரே ஒரு கிராம் திசுவில் போய் உட்கார்ந்தால் கிலோவுக்கு 2.5 வாட். வரம்பைத் தாண்டுகிறதே!

உட்காராது. பட்ஸின் ஆன்டெனாவிலிருந்து ஒரு பகுதி வெளியே போகிறது. உள்ளே வருவது தோல், காது மடல், எலும்பு என்று பல கிராமில் பரவுகிறது. முக்கியமாக, பாட்டுக் கேட்கும்போது பேசுவது உங்கள் போன், கேட்பது இயர்பட்ஸ். "வந்துச்சு, அடுத்ததை அனுப்பு" என்று இடையிடையே சின்னதாக ஒரு பதில் அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. காலில் பேசும்போது மைக் ஆன் ஆவதால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அதனால்தான் எஸ்ஏஆரை யாரும் பேப்பரில் போட்டு முடிவு செய்வதில்லை. மனிதத் தலை வடிவத்தில் ஒரு பொம்மை, அதற்குள் திசுவின் மின் தன்மையோடு ஒத்துப்போகிற ஒரு திரவம், ரோபோ கை பிடித்த ஒரு ப்ரோப். புள்ளி புள்ளியாக நகர்த்தி அளக்கிறார்கள்.

இப்போது அந்த ஹாஸ்டல் மாடி ஆளிடம் வருவோம். 4ஜி போனின் அதிகபட்ச அனுப்பும் சக்தி சுமார் 200 மில்லிவாட். சிக்னல் குறைந்த இடத்தில் போன் தன் குரலை உயர்த்தும், அதாவது அந்த உச்சத்தை நோக்கிப் போகும். லிஃப்ட்டுக்குள், ஓடுகிற ட்ரெய்னில், டவர் எட்டாத ஊரில் எல்லாம் இதுதான் நடக்கும். ஆக, பட்ஸுக்குப் பயந்து போனைக் காதில் வைத்தவர், சில மில்லிவாட்டுக்குப் பயந்து 200 மில்லிவாட் வரை போகக்கூடிய ஒன்றைத் தலையோடு ஒட்டி வைத்துக்கொண்டார். பட்ஸ் போட்டுப் போனைப் பையில் வைத்தவரின் தலைக்குப் போகும் ரேடியோ ஆற்றல் மொத்தத்தில் குறைவு. ஃபார்வர்டு சொன்னதற்கு நேர் எதிர்.

சரி, போனாவது ஆபத்தா? இங்கேதான் "உலக சுகாதார நிறுவனமே சொல்லிடுச்சு" என்கிற வரி வரும். சொன்னது என்ன? அதன் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011 மே மாதம் ரேடியோ அலைகளை 2பி பிரிவில் சேர்த்தது. "புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்கிற சாத்தியம்" என்பது அதன் அர்த்தம். அதே 2பியில் கற்றாழையின் முழு இலைச் சாறு இருக்கிறது. 2023ல் அஸ்பார்டேம் இனிப்பும் சேர்ந்தது. அதற்கு மேலே, உறுதியான ஆதாரம் உள்ள முதல் பிரிவில் எவை? வெயில். வெற்றிலையோடு போடுகிற கொட்டைப் பாக்கு. கல்யாண வீட்டில் தாம்பூலப் பையில் முதல் பிரிவைக் கையில் கொடுத்து அனுப்புகிறோம், வீட்டுக்கு வந்து 2பிக்கு ஃபார்வர்டு போடுகிறோம். இந்தப் பிரிவுகள் ஆதாரம் எவ்வளவு கெட்டி என்பதைத்தான் சொல்கின்றன, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல. இதைப் புரியாமல் எழுதுகிற செய்தித்தாள்கள் நிறைய.

2011க்குப் பிறகு ஆதாரம் எந்தப் பக்கம் சாய்ந்தது? அமெரிக்காவின் தேசிய நச்சுயியல் திட்டம் 2018ல் வெளியிட்ட எலி ஆய்வை எதிர்த் தரப்பு அடிக்கடி காட்டும். காட்ட வேண்டியதுதான், அது தீவிரமான ஆய்வு. ஆண் எலிகளில் இதயத்தில் ஒரு வகைக் கட்டி அதிகமாக இருந்தது. ஆனால் அந்த எலிகளுக்குத் தினம் 9 மணி நேரம், இரண்டு வருஷம், முழு உடம்புக்கும் கிலோவுக்கு 6 வாட் வரை கொடுத்தார்கள். பெண் எலிகளில் அப்படித் தெளிவாக எதுவும் தெரியவில்லை. இன்னொரு வேடிக்கை, அலை பட்ட ஆண் எலிகள் படாத எலிகளைவிட அதிக நாள் உயிரோடு இருந்தன. இதை வைத்து "ப்ளூடூத் ஆயுளைக் கூட்டும்" என்று யாராவது ஃபார்வர்டு போட்டால் அதுவும் தப்புதான்.

மனிதர்களைப் பொறுத்தவரை பெரிய சேதி 2024ல் வந்தது. உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில், 1994 முதல் 2022 வரை வெளியான 63 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். போன் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் பயன்படுத்தியவர்களிடமும் இல்லை. நாம் இன்ஜினியர்கள், மோசமான நிலையை வைத்துத்தான் டிசைன் செய்வோம். பாலத்தின் மேல் நூறு லாரி போயும் விரிசல் விழவில்லை என்றால், சைக்கிள் போவதற்கு யாரும் பாலத்தை மூடுவதில்லை. இங்கே லாரி போன், சைக்கிள் வாட்ச்.

"அப்போ ஐபோனையே பிரான்ஸ்ல நிறுத்தினாங்களே?" ஆமாம், 2023 செப்டம்பரில் ஐபோன் 12 விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள். கையிலோ பாக்கெட்டிலோ வைத்திருக்கும்போது கிலோவுக்கு 5.74 வாட் வந்தது, வரம்பு 4. ஆப்பிள் ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் கொடுத்தது. இந்த வரம்புகள், கெடுதல் தொடங்கும் அளவுக்கு வெகு கீழேதான் போடப்படுகின்றன. முழு உடம்புக்கு, விளைவு தெரிய ஆரம்பிப்பது கிலோவுக்கு 4 வாட் அருகே என்றால், பொதுமக்களுக்கான வரம்பு 0.08. ஆகவே 5.74ஐ வைத்து யாருக்கும் கை வெந்துவிடவில்லை. ஆனாலும் பிரான்ஸ் செய்தது சரி என்பேன். வரம்பு என்று ஒன்று போட்டால் அது பெரிய கம்பெனிக்கும் வரம்புதான். அப்படி யாரோ ஒருவர் கடையிலிருந்து போனை வாங்கி அளந்து பார்க்கிறார் என்பதே எனக்கு நிம்மதி தருகிறது.

நம் ஊரில் அளப்பதைவிட படம் எடுப்பது சுலபம். 2018ல் வந்த "2.0"வில் பட்சிராஜன் பறவைகளுக்காகக் கொதித்தபோது தியேட்டரே உருகியது. படம் வருவதற்கு முன்பே செல்போன் நிறுவனங்களின் சங்கம் சென்சார் போர்டுக்குப் புகார் கொடுத்தது. 2021ல் நடிகை ஜூஹி சாவ்லா 5ஜிக்கு எதிராக டெல்லி உயர் நீதிமன்றம் போனார். வழக்கு தள்ளுபடி, 20 லட்சம் அபராதம், பிறகு அது 2 லட்சமாகக் குறைந்தது. கேள்வி கேட்டதற்காக இவர்களைக் கிண்டல் பண்ண எனக்கு விருப்பமில்லை. கேள்வியை அப்படியே விட்டுவிட்டுப் பதிலைத் தேடாததுதான் பிரச்சனை. பதில் இல்லாத இடத்தில் வியாபாரி வந்து உட்கார்ந்துகொள்கிறான்.

போனுக்குப் பின்னால் ஒட்டுகிற "ஆன்டி ரேடியேஷன் சிப்" பார்த்திருப்பீர்கள். தங்கக் கலரில் ஒரு ஸ்டிக்கர். அது நிஜமாகவே அலையைத் தடுத்தால் உங்கள் போன் சிக்னல் தேடி இன்னும் அதிக சக்தியில் கத்தும். தடுக்கவில்லை என்றால் காசு தண்டம். எப்படிப் பார்த்தாலும் நஷ்டம். இதற்கும் மேலே ஒரு கதை இருக்கிறது. 5ஜியிலிருந்து காப்பாற்றும் என்று சொல்லி விற்ற "குவாண்டம் பெண்டன்ட்", பிரேஸ்லெட், தூங்கும்போது போடும் கண்மறைப்பு என்று பத்து பொருட்களை 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் சோதித்தது. அவற்றில் நிஜமான கதிரியக்கம் இருந்தது. கல்பாக்கம் வகை, டிஎன்ஏவை உடைக்கிற வகை. நீண்ட காலம் அணிந்தால் கெடுதல், உடனே கழற்றி மூடி வையுங்கள் என்று அறிவித்தார்கள். அதில் ஒன்று குழந்தைகளுக்கான வளையல். ப்ளூடூத்துக்குப் பயந்து கழுத்தில் கதிரியக்கத்தை மாட்டிக்கொண்ட ஜனங்கள்! இதனால்தான் சித்தப்பாவுக்குச் சிரிப்பு எமோஜி போதாது என்கிறேன். அடுத்து அவர் என்ன வாங்கப் போகிறார் என்று நமக்குத் தெரியாது.

இப்போது அந்தப் பூட்டி வைத்த அட்ரஸ்.

இயர்பட்ஸிலிருந்து காதுக்குள் போகும் இன்னொரு ஆற்றல் உண்டு, சத்தம். உள்காதில் நத்தை ஓடு மாதிரி ஒரு உறுப்பு. அதற்குள் ஒரு காதுக்கு சுமார் 15,000 மயிரிழைச் செல்கள். சத்தத்தை நரம்புச் செய்தியாக மாற்றுவது அவைதான். அதிக சத்தம் அவற்றைச் சாய்த்துவிடும். செத்தால் செத்ததுதான், மனிதனுக்குத் திரும்ப முளைக்காது. பறவைகளுக்கு முளைக்கும். பட்சிராஜன் கவலைப்பட்ட சிட்டுக்குருவிக்கு இந்த விஷயத்தில் நம்மைவிட நல்ல டிசைன்.

கணக்கு இதுதான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும், ஏனென்றால் 3 டெசிபல் என்றால் இரண்டு மடங்கு சக்தி, இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம். 100 டெசிபலில் 20 நிமிடம். ஒரு நாளைக்கு இல்லை, ஒரு வாரத்துக்கு. நாலு அனிருத் பாட்டு, கோட்டா முடிந்தது. ஃபுல் வால்யூமில் 100ஐத் தாண்டும் பட்ஸ் சந்தையில் தாராளமாக இருக்கிறது. 12 முதல் 35 வயதுக்குள் 110 கோடிப் பேருக்கு மேல் இப்படிக் கேட்கும் திறனை இழக்கும் ஆபத்தில் இருப்பதாக அதே நிறுவனம் சொல்கிறது. 2பியை மேற்கோள் காட்டுபவர்கள் யாரும் இந்த எண்ணை மேற்கோள் காட்டிப் பார்த்ததில்லை.

நம் காலேஜ் வாழ்க்கையில் இது எங்கே நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். காலேஜ் பஸ். என்ஜின் இரைச்சல், ஏர் ஹார்ன், டிரைவர் அண்ணா போடும் இளையராஜா. இதற்கெல்லாம் மேலே நம் பாட்டு கேட்க வேண்டும் என்று வால்யூம் ஏற்றுகிறோம். "அதிக நேரம் அதிக சத்தம் கேட்டால் காது பாதிக்கும்" என்று போன் எச்சரிக்கை காட்டும், படிக்காமலே ஓகே தட்டுவோம். போக ஒரு மணி, வர ஒரு மணி, நாலு வருஷம். இரவு கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவது தனிக் கணக்கு. பாதிப்பு முதலில் 4 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம் விழும். ஆகவே திடீரென்று காது கேட்காமல் போகாது. ச, த, ஸ மாதிரி மெல்லிய ஒலிகள் மங்கும். "பேசறது கேக்குது, ஆனா என்னன்னு புரியல" என்கிற நிலை. அல்லது அமைதியான ரூமில் படுத்தால் காதுக்குள் கொய்ங் என்று ஒரு சத்தம், யாராலும் அணைக்க முடியாத சத்தம். இதெல்லாம் தாத்தா வயதில் வர வேண்டியது.

நாய்ஸ் கேன்சலிங் பட்ஸை ஆடம்பரம் என்று நினைத்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். வெளி இரைச்சல் குறைந்தால் வால்யூமைக் குறைத்தே கேட்கலாம், அதுதான் அதன் நிஜமான பயன். ஆனால் ரோட்டிலும் தண்டவாளம் பக்கத்திலும் கழற்றிவிடுங்கள். பின்னால் வரும் ட்ரெய்னும் அதற்கு வெளி இரைச்சல்தான். ரூம்மேட்டின் பட்ஸை வாங்கிப் போடுவதும் வேண்டாமே, காதுக்குள் தொற்று வருவதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை.

வீட்டில் பேஸ்மேக்கர் வைத்த தாத்தா பாட்டி யாராவது இருந்தால் ஒரு விஷயம். பட்ஸ் கேஸ், சில வாட்ச் சார்ஜர், சில போன்களுக்குள் வலுவான காந்தம் இருக்கிறது. நெஞ்சில் பொருத்திய கருவியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021ல் அறிவுறுத்தியது. சட்டைப் பாக்கெட் கூடாது, அவ்வளவுதான். இது ரேடியோ அலை இல்லை, வெறும் காந்தம். ஆனால் நிஜமான எச்சரிக்கை.

எனக்கு இரண்டு ஆசைகள் இருக்கின்றன. ஒன்று, போனுக்கு எஸ்ஏஆர் எண்ணைக் காட்டுகிற மாதிரி ஒவ்வொரு பட்ஸ், வாட்ச் டப்பாவிலும் அதை அச்சடிக்க வேண்டும், பக்கத்திலேயே ஃபுல் வால்யூமில் எத்தனை டெசிபல் என்பதையும். முதல் எண்ணைப் பார்த்தால் பயம் போகும், இரண்டாவது எண்ணைப் பார்த்தால் பயம் வரும்.

இரண்டாவது ஆசைக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. நம் ஈசிஇ லேபில் ஸ்பெக்ட்ரம் அனலைசர் இருக்கிறது, செமஸ்டர் ப்ராக்டிகல் தவிர மற்ற நாளெல்லாம் துணி போர்த்தித் தூங்குகிறது. பொம்மைத் தலை இல்லாததால் எஸ்ஏஆர் அளக்க முடியாது. ஆனால் ஒரே ஆன்டெனாவை 2 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்து, கால் பேசும் போனையும் பாட்டு ஓடும் பட்ஸையும் ஒப்பிட்டு அளக்கலாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் 300 ரூபாய்க்கு வாங்கிய பட்ஸ் ஒன்று, பிராண்டட் ஒன்று, வாட்ச் ஒன்று. மெக்கானிக்கல் டிபார்ட்மென்டில் சவுண்ட் லெவல் மீட்டர் இருந்தால் அதே பட்ஸின் சத்தத்தையும் எடுத்துவிடலாம். காலேஜ் பஸ் வரிசை வரிசையாக எத்தனை டெசிபல் என்றும் பார்க்க வேண்டும், கடைசி சீட்டுதான் ஜெயிக்கும் என்பது என் ஊகம். நாலு பேர் இருந்தால் ஒரு சனிக்கிழமை மதியம் போதும். மீட்டர் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், லேப் சாவிக்கு நான் பொறுப்பு.